அம்மா கூப்பிடும் நேரம்

பின்கழுத்தில் பிடித்த வலி இடுப்புவரை இறங்கியிருந்தது. நாள் முழுக்க லாரியிலிருந்து சிமெண்டு மூட்டை இறக்கியவன், வீடு வந்தும் உட்காரவில்லை. கை கழுவினான். சிமெண்டுத் தூள் பட்டால் கண்ணை மூடும் ஒட்டு பிடிக்காது. பிள்ளையின் கன்னமும் எரியும். நகக்கண்வரை தேய்த்து, ஈரம் போகத் துடைத்துவிட்டு, மகள் சுண்டுவின் வலது கண்ணை மூடி அதை ஒட்டினான்.

அவளுக்கு இடது கண் சோம்பிக் கிடந்தது. நல்ல கண்ணை மூடினால்தான் அது வேலை பார்க்குமாம். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒட்டி மல்லுக்கட்டப் பொறுமை இல்லை. அதனால் சாயங்காலம் இவன் வந்த பிறகுதான் வைத்தியம்.

அந்த நேரத்தில்தான் அவள் அம்மாவும் கூப்பிடுவாள். கடல் தாண்டி, யாரோ பெற்ற பிள்ளையை வளர்க்கும் வேலை. அந்தப் பிள்ளை தூங்கினால்தான் இவளுக்கு வாய் திறக்க நேரம்.

இத்தனை மாதமும் போன் அடித்ததும் அவன் ஒட்டைப் பிய்த்துவிடுவான். பெற்றவள் முகத்தைப் பார்க்க விடாமல் என்ன பெரிய வைத்தியம் என்று நினைப்பு. பிய்த்தது மறுபடி பிடிக்காது. புதுசு ஒட்ட உடம்பில் தெம்பும் இருக்காது. அன்றைய பாடு அதோடு சரி.

நேற்றுதான் கண் டாக்டரம்மா பிடித்துக்கொண்டார்.

"ஒட்டுறீங்களா, ஒட்டுற மாதிரி பாவ்லா காட்டுறீங்களா? கண்ணு இருந்த இடத்துலயே நிக்குது."

"ஒட்டுறேங்க. அவ அம்மா பேசுறப்ப மட்டும் எடுத்துடுவேன்."

"அவ ஆசையா பாக்குறதே அதுதானே? அதைத்தான் அந்தக் கண்ணு பாக்கணும். வளந்துட்டா, அப்புறம் யாரு சொன்னாலும் கேக்காது."

போன் அடித்தது. சுண்டு ஒட்டில் கை வைத்தாள். அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னிக்கு இப்படியே பேசு."

"மாட்டேன் போ. நீ கெட்ட அப்பா."

"ஏங்க, அழவிட்டு வேடிக்கை பாக்குறீங்களா?" என்றாள் மனைவி போனில். "பிச்சுப் போடுங்க அதை. புள்ள மூஞ்சிய முழுசா பாத்துக்கிறேன்."

"நீ பாக்குறதுக்கு இல்ல. அவ பாக்கணும்." டாக்டரம்மா சொன்னதைச் சொன்னான். மனைவி போனை முகத்துக்கு நேரே பிடித்தாள். பிறகு,

"சுண்டு, அம்மா தெரியுறேனாடி?"

குழந்தை மூக்கு இடிக்கப் போனைக் கிட்டே கொண்டுபோனாள். "குரல் அம்மாதான். மூஞ்சி தலகாணி மாதிரி இருக்கு."

"உங்கப்பன் மூஞ்சி?"

"அது சாக்கு."

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.

"சரி, உத்துப் பாத்துச் சொல்லு. அம்மா இப்ப சிரிக்கிறேனா, அழறேனா?"

இடது கண் திரையில் அலைந்தது. எங்கேயும் நிற்க மாட்டேன் என்றது. மனைவி உதட்டைக் கடித்தபடி அழுதுகொண்டிருந்தது அவனுக்குத் தெரிந்தது.

"சிரிக்கிற," என்றாள் சுண்டு.

மனைவி மூக்கை உறிஞ்சினாள். "தப்புடி கண்ணு. நாளைக்கும் கேப்பேன்."

போனை வைத்த பிறகும் ஒட்டை அவன் எடுக்கவில்லை. பாசத்தின் பேரில் அந்தக் கண்ணிடமிருந்து எடுத்துக்கொண்ட சாயங்காலங்களில் ஒன்றைத்தான் இன்று திருப்பிக் கொடுத்திருந்தான். மற்றதெல்லாம் பாக்கி.