அரக்குச் சாந்து

வாசலில் பதினான்காவது மாலை வந்திறங்கியபோது மாரியப்பன் ஈரவேட்டியோடு நின்று அதையும் எண்ணிக்கொண்டான். எண்ணக்கூடாது என்றுதான் காலையிலிருந்து நினைத்தான்.

முத்தியால்பேட்டையில் கார் வைத்திருந்தவர்களில் பாதிப்பேர் அவன் அண்ணன் பக்கிரிக்காக வந்திருந்தார்கள். கால்மாட்டில் மாலையை வைத்துவிட்டு, மாரியப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: "அந்தக் கை இனிமே வராதுப்பா." இருபது வருஷமாக அண்ணனும் தம்பியும் வீட்டுக்கு முன்னால் இருக்கிற ஒரே கார்ப் பட்டறையில்தான் வேலை செய்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையைப் பற்றிப் பேசுகிறார்களே என்று அவனுக்கு இருந்தது.

செத்தவர்மேல் பொறாமைப்படுகிறவன் மனிதனா என்று தன்னையே கேட்டுக்கொண்டான். மாரியம்மா, இன்றைக்கு ஒருநாளாவது இந்த நெஞ்சைக் கழுவிவிடு என்று வேண்டினான். வேண்டி முடிப்பதற்குள் பதினைந்தாவது மாலை வந்துவிட்டது.

அதைக் கொண்டுவந்தவர் தெய்வநாயகம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி, தெருவே அவரை முசே என்றுதான் கூப்பிடும். இரண்டு தெரு தள்ளியிருந்த வீட்டிலிருந்து, முப்பது வருஷத்துப் பெஜோ காரை உறுமவிட்டபடியே வந்தார். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி இருமி நின்றது. மறுபடி கிளப்பினார். மறுபடி நின்றது.

அது ஏன் நிற்கிறது என்று அங்கே மாரியப்பன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

சோக்கை இழுத்துக் கிளப்பிய எஞ்சின், சூடேறும்வரை சற்று வேகமாக ஓட வேண்டும். அந்த வேகத்தை வைப்பது கார்பரேட்டரில் இருக்கும் ஒரு சின்னத் திருகு. கொஞ்சம் குறைந்தால் வண்டி நின்றுவிடும், கூடினால் அலறும். பக்கிரி அதைக் காதால் கேட்டே வைப்பார். வைத்ததும், திருகின் தலையையும் பக்கத்துத் தகட்டையும் சேர்த்து, மனைவி கமலவேணி நெற்றிக்கு வைக்கிற கருஞ்சிவப்பு அரக்குச் சாந்தில் ஒரு பொட்டு வைப்பார். யாராவது திருகைத் தொட்டால் பொட்டு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பொட்டு வைக்காமல் அவர் பானட்டை மூடியதில்லை.

பத்து வருஷமாக முசே தம் வண்டியில் மாரியப்பனைக் கைவைக்க விட்டதில்லை. "உங்கண்ணன் வரட்டும்" என்பார். போன புதன்கிழமை அந்த வண்டி வேலை முடிந்து பட்டறையில் நின்றது. அண்ணன் உள்ளே சாப்பிடப் போனபோது மாரியப்பன் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தினான். அரக்குப் பொட்டைப் பெட்ரோலில் துடைத்தான். அண்ணியின் சாந்துப் புட்டி அவர் பரிமாறிக்கொண்டிருந்த கூடத்தில் இருந்தது. அதனால் தன் மனைவி வேம்புவின் புட்டியை எடுத்துவந்து புதுப் பொட்டு வைத்தான். மார்கழிக் குளிரில் வண்டி நிற்கட்டும். பக்கிரிக்குக் காது போய்விட்டது என்று முசே சொல்லட்டும். அவ்வளவுதான் அவன் ஆசைப்பட்டது.

வியாழக்கிழமை காலை முசே கூப்பிட்டனுப்பி அவர் வீட்டுக்குப் போய்வந்த அண்ணன் வண்டியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "ஞாயித்துக்கெழம வேற வேல வெச்சிக்காத. ஒரு எடத்துக்குப் போவணும் நீ" என்றார். என்னை ஏவல் ஆளாக்கிவிட்டார் என்று கோபித்துக்கொண்டு மாரியப்பன் நகர்ந்துபோனான். அதற்குப் பிறகு பேசவும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் காப்பி டம்ளரோடு சுவரில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை.

முசே மாலையை வைத்துவிட்டு, கொஞ்சநேரம் நிமிர்ந்து நின்றுவிட்டு வெளியே வந்தார்.

"தம்பி, சுடுகாடுவரைக்கும் நடக்க என் காலு தாங்காது. பாடைக்குப் பின்னால மெதுவா வண்டியிலதான் வரணும். இது நின்னு நின்னு கழுத்தறுக்குது. கொஞ்சம் பாத்துடு."

"நானா, முசே?"

"நீதான். இன்னிக்கி நீ வருவேன்னு உங்கண்ணன் சொல்லியிருந்தானே. உங்கிட்ட சொல்லலியா?"

"எங்கன்னு சொல்லல முசே."

"வியாழக்கெழம வந்தான். பானட்டத் தொறந்து குனிஞ்சி பாத்தான். தனியா சிரிச்சிக்கிட்டான். என்னடான்னேன். 'எனக்குக் காது மந்தமாயிடுச்சி முசே. இது எந் தம்பி கைக்குத்தான் அடங்கும். ஞாயித்துக்கெழம அனுப்பறேன், இனிமே அவனையே வெச்சிக்குங்க'ன்னான். ஸ்க்ரூவத் தொடவேயில்ல. மூடிட்டுப் போயிட்டான்."

மாரியப்பன் பட்டறைக்குள் போய்த் திருப்புளியை எடுத்துவந்தான். தாய்மாமன் அம்மாவாசை குறுக்கே வந்தார்.

"ஏண்டா, புள்ள இல்லாதவனுக்கு நீதான் கொள்ளி வெக்கணும். இப்பப் போயி கார நோண்டறியா? எடுக்க நேரமாவுது!"

"ரெண்டு நிமிசம் மாமா."

"அவனும் இதத்தான் சொல்லுவான். தாலி கட்டற நேரத்துல மாப்ள எங்கடான்னா வண்டிக்கு அடியில கெடந்தான்."

அழுதுகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். பிறகு இன்னும் சத்தமாக அழுதாள்.

பானட்டைத் திறந்தான். திருகின்மேல் பளீரென்று சிவப்புப் பொட்டு. வீட்டில் சிவப்புச் சாந்து வைப்பவள் வேம்பு ஒருத்திதான். புதன்கிழமை அவசரத்தில் நிறத்தை யோசிக்கவில்லை. அண்ணன் குனிந்து பார்த்ததும், தனியாகச் சிரித்ததும் இதைத்தான். பொட்டு எங்கும் உடையாமல், அவன் வைத்தபடியே இருந்தது.

"கெளப்புங்க முசே" என்றான்.

திருகை மெல்ல முடுக்கினான். எஞ்சின் இருமியது, தடுமாறியது, பிடித்துக்கொண்டது. இன்னும் கொஞ்சம். அதிகம். மயிரிழை பின்னால். அண்ணனைப் போலவே தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறோம் என்பது அவனுக்குத் தெரியவில்லை. முசே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். வண்டி நிற்கவில்லை.

"அடேயப்பா! பத்து வருசமா உன்ன விடாம இருந்தது என் தப்புதான் தம்பி."

எத்தனையோ இரவு அவன் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்ட வார்த்தை. வந்துவிட்டது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான்.

"முசே, புதன்கெழம நான்தான்..."

"என்னா? சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

அவன் இன்னொரு முறை வாயைத் திறந்தபோது வேம்பு பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கையில் ஒரு சின்னப் புட்டி.

"அக்கா குடுக்கச் சொன்னாங்க. வண்டி நிக்காம ஓடற சத்தம் கேட்டுச்சி, எடுத்துக்கிட்டுப் போன்னாங்க."

அரக்குச் சாந்து. பாதிக்குமேல் இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தான். அண்ணி தலைமாட்டில் உட்கார்ந்து அண்ணனின் முகத்தில் மொய்த்த ஈயை விசிறிக்கொண்டிருந்தார். அவர் நெற்றியில் அதே அரக்குப் பொட்டு, காலையில் யாரோ பெரிதாக வைத்துவிட்டது.

சிவப்பைத் துடைத்தான். விரலில் அரக்குச் சாந்தைத் தொட்டு, திருகின் தலையையும் தகட்டையும் சேர்த்துப் பொட்டு வைத்தான். பானட்டைச் சத்தமில்லாமல் மூடினான்.

"வாய்க்கரிசி போடறவங்க வரலாம்" என்று அம்மாவாசை கூப்பிட்டார்.

மாரியப்பன் உள்ளே போய்க் குனிந்தான். மூன்று முறை அள்ளி அண்ணனின் வாயில் போட்டான். கடைசிப் பிடியில் ஒரு அரிசி மட்டும் விழாமல், காயாத சாந்தோடு விரல்நுனியில் ஒட்டிக்கொண்டது. அவன் அதை உதறவில்லை. வெளியே வண்டி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.