இரண்டு கட்டை நடை

விடியலில் எழுந்து நிற்கவே முடியாத பிள்ளை, ஒன்பது மணிக்கு மருந்துக்காரர் முன்னால் மட்டும் எப்படி நடக்கிறாள்? பேச்சியம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை.

பத்து வயது அங்கம்மாவின் இரண்டு முட்டியும் காலையில் வீங்கி விறைத்துக் கிடக்கும். பிடித்துத் தூக்கினால் அலறுவாள். ஆறு மணிக்குத் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும்போது, வேலைக்குப் பேர் பதிந்த தாயும் மகளும் லயத்து வீட்டில்தான் இருப்பார்கள். வராதவர்கள் சுகமில்லை என்று சீட்டுக் கொண்டுவர வேண்டும். சீட்டு எழுதும் மருந்துக்காரர் ராஜரத்தினம் இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல் கீழே, தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருந்தார். வரிசை நீளம் என்பதால் அவர் யாரையும் தொட்டுப் பார்ப்பதில்லை. காய்ச்சல் என்றால் நாக்கை நீட்ட வேண்டும். கால்வலி என்றால் கதவிலிருந்து அலுமாரிவரை நடக்க வேண்டும். அங்கம்மா நடந்துவிடுவாள். இரண்டு தடவை போயும் சீட்டுக் கிடைக்கவில்லை.

"இன்னொரு நாளு சீட்டு இல்லாம நின்னீங்க, ரெண்டு பேரு பேரையும் வெட்டிருவேன்" என்றார் கங்காணி வீரையா. "அப்புறம் காம்பராவயும் காலி பண்ணணும்."

காம்பரா என்கிற அந்த ஒற்றை லயத்து அறையும் போனால் எங்கே போவது? நாவலப்பிட்டி ரயிலடிக்கு அப்பால் அவளுக்கு ஒரு ஊரும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அவள் மகளை எழுப்பவில்லை. ஒன்பது மணி தாண்டி, வெயில் வாசலுக்கு வந்தும் முட்டிகள் விறைத்தபடியே இருந்தன. அப்படியானால் முட்டியை இளக்குவது நேரம் இல்லை. மலைக்குளிரில் போத்தலுக்குள் உறைந்த தேங்காயெண்ணெய் அடுப்போரம் வைத்தால்தானே உருகுகிறது? பிள்ளையை இழுத்துக்கொண்டு இறங்கும் அந்த இரண்டு கட்டை நடையே முட்டியைச் சூடாக்கி இளக்கிவிடுகிறது. சீட்டுக்குப் போகும் வழியே சீட்டைப் பறித்துக்கொள்கிறது.

திங்கட்கிழமை மகளைக் கம்பளியில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டாள்.

"என்ன பேச்சி, கொழுந்துக்குப் பதிலா பொண்ண பறிச்சிட்டுப் போறியா?" என்றார் வீரையா. பெரட்டே சிரித்தது.

பாதி வழியில் பிள்ளைக்கு வெட்கமாகிவிட்டது. "எறக்கி விடும்மா, நடக்குறேன்."

"வாய மூடு. கால அசைக்காத."

மருந்துக்காரரின் கதவடியில் இறக்கியதும் அங்கம்மா ஓர் அடி வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"போன கிழமை நல்லா நடந்தவள்தானே? இதென்ன நடிப்பு?" என்றார் ராஜரத்தினம்.

"அன்னிக்கு நடந்து வந்தா, சாமி. இன்னிக்குச் சுமந்து வந்தேன். ஒருக்கா தொட்டுப் பாருங்க."

தொட்டார். முட்டி வீங்கி இறுகியிருந்தது, நீட்டப் பார்த்தால் நீளவில்லை. வெந்நீரில் துணி நனைத்து அரை மணி நேரம் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். பிறகு பிள்ளை மெல்ல எழுந்து அலுமாரிவரை நடந்தாள்.

"ஓம், இப்பதான் விளங்குது. இது மூட்டு வாதம். சின்னப் பிள்ளையளுக்கு வராதெண்டு நினைச்சிருந்தன்."

"மாறிடுமா, சாமி?"

"மாறுமெண்டு நான் பொய் சொல்லமாட்டன்."

எழுதிய சீட்டை அவர் வாசித்தும் காட்டினார்: தினமும் காலையில் இரு முட்டிக்கும் அரை மணி நேரம் வெந்நீர் ஒத்தடம், பிறகு மெல்ல மடக்கி நீட்ட வேண்டும், இவளுக்குப் பெரட்டு ஒன்பது மணிக்கு.