ஆடுகிற தரைக்கு ஏற்ற கலவை

பொடிசுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. பிறந்தபோது உள்ளங்கை அளவுதான் இருந்தாள் என்று வைத்த பெயர், ஆள் வளர்ந்த பிறகும் போகவில்லை. சர்க்கரை வியாதியில் காலில் வந்த புண் ஆறவே இல்லை. கடைசியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவளோடு அதே வீட்டில் இருக்கும் அவள் அக்கா ஒரு தையல்கூடத்தில் சீருடை தைப்பவள். அங்கே முதலாளி உட்பட எல்லோருக்கும் அவள் அக்காதான்.

பொடிசு மருத்துவமனையில் இருக்கும்போதே, அவளுக்கு உடற்பயிற்சி கொடுக்கும் பெண் வீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வந்தாள். மாடிக்கு வரும் லிஃப்டுக்கும் சமையலறைக்கும் தலையாட்டினாள். படுக்கையறைக்கும் தலையாட்டினாள். குளியலறை வாசலுக்கு வந்ததும் உதட்டைப் பிதுக்கினாள். வாசலில் கணுக்கால் உயரத்துக்கு ஒரு திட்டு. உள்ளே வழுவழுவென்று பெரிய பெரிய டைல்ஸ். ஈரம் பட்டால் இரண்டு கால் உள்ளவர்களே சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற இடம்.

"இந்தத் திட்டு போகணும். தரையில சின்னச் சின்ன டைல்ஸா, சொரசொரப்பா போடுங்க. வீல்சேர் நேரா உள்ள போகணும். அவங்க ஸ்டூலுக்கு மாறி உக்காந்து குளிக்கணும்."

டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் யாரும் அடுத்த மாதத்துக்கு முன்னால் வருவதாக இல்லை. ஒருவர் ஃபோனிலேயே சிரித்துவிட்டார். "ஒரே ஒரு பாத்ரூமுக்கா?" அக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. துணியை நேராக வெட்டி நேராக இணைக்கிறவளுக்கு இது என்ன பிரமாதம், நாமே ஒட்டிவிடுவோம் என்று இறங்கிவிட்டாள். திட்டை உடைத்து, தண்ணீர் ஓட வாட்டம் வைத்துத் தருவதற்குக் கீழ்வீட்டுத் தச்சர் ஒத்துக்கொண்டார்.

கடையில் மூட்டைகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. கல்லாவில் இருந்த பெண் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்தாள்.

"டைல்ஸ் ஒட்டுற கலவை குடுங்க."

"கீழ என்ன தரை?"

"பாத்ரூம் தரை."

"அது சரிங்க. இப்ப இருக்கிற டைல்ஸுக்கு அடியில என்ன? சிமெண்டா, பலகையா?"

அக்கா இத்தனை வருஷம் குளித்த இடம், அடியில் என்ன என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"ஒரு குவளை நிறைய தண்ணி எடுத்துத் தரையில வைங்க. பக்கத்துல நின்னு ஒரு குதி குதிங்க. தண்ணி அசையலேன்னா பெரும்பாலும் சிமெண்டு. நடுங்கினா பலகை. பாத்துட்டு வந்து சொல்லுங்க, அப்புறம் குடுக்கிறேன்."

அக்கா வீட்டுக்குப் போய்க் குதித்தாள். குவளைத் தண்ணீர் நடுங்கியது. சரியாகப் பார்த்தோமா என்று இன்னொரு தடவை குதித்தாள். கீழேயிருந்து தச்சரின் குரல் வந்தது: "என்ன அக்கா, வீட்டோட இறங்கி வர்றீங்களா?" அவரே மேலே வந்து ஓரத்தில் ஒரு டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்தார். பழைய மரப்பலகைதான்.

மறுபடி கடைக்குப் போனாள். கடைக்காரப் பெண் ஒரு மூட்டையைத் தட்டிக் காட்டினாள்.

"பலகை சும்மா இருக்காதுங்க. ஈரத்துக்கு உப்பும், காய்ஞ்சா சுருங்கும். மேல ஆள் நடந்தா அசையும். சாதாக் கலவை கல்லா இறுகிடும், பலகை அசையும்போது பிடிப்பு விட்டுடும். இது இறுகின பிறகும் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும். முதல்ல பலகையைத் திருகாணி போட்டு நல்லா முடுக்கச் சொல்லுங்க. அது மேல சிமெண்டு அட்டை, அது மேல தண்ணி இறங்காத பூச்சு. அப்புறம்தான் இது. இதுலயே ரெண்டு இருக்கு. ஒண்ணு சட்டுனு இறுகும், காலையில ஒட்டினா சாயங்காலம் நடக்கலாம். இன்னொண்ணு மெதுவா இறுகும், ஒரு நாள் முழுக்கக் கால் வைக்கக் கூடாது."

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. பொடிசு.

"அக்கா, இங்க இருக்கவே பிடிக்கல. எப்பக்கா கூட்டிட்டுப் போவே?"

"சீக்கிரம்டி. சீக்கிரம்."

ஃபோனை வைத்தவளின் கை சட்டென்று இறுகுகிற மூட்டையின் மேல் இருந்தது. கடைக்காரப் பெண் அதைப் பார்த்துவிட்டாள்.

"இதுக்கு முன்னால ஒட்டியிருக்கீங்களா?"

"சட்டைக்குப் பை ஒட்டியிருக்கேன்."

"அப்ப மெதுவானதையே எடுங்க. தப்புப் பண்ணினா திருத்திக்க நேரம் குடுக்கும். மத்தது, நீங்க ரெண்டாவது டைல்ஸை நேர் பண்றதுக்குள்ள வாளியோட கல்லாயிடும்."

அக்காவுக்கு மனசே இல்லை. ஆனாலும் மெதுவானதைத்தான் எடுத்தாள். தங்கை உட்காரப்போகிற தரை, பாதியில் பெயர்ந்தால் என்ன ஆவது?

தச்சர் திட்டை உடைத்து, பழைய டைல்ஸைப் பெயர்த்து, பலகையை முடுக்கி, அட்டை அடித்து, பூச்சு பூசிக் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா முதல் வாளி கலந்தாள். தண்ணீர் அதிகமாகிப் பாயசம் மாதிரி ஓடியது. கொட்டிவிட்டு மறுபடி கலந்தாள். பல் வைத்த கரணையால் தரையில் இழுத்தபோது, சீப்பு போட்டு வாரிய தலை மாதிரி வரிவரியாக நின்றது. சரியவில்லை. வலைத்துணியில் கோத்து வந்த சின்ன டைல்ஸ்களைத் தகடு தகடாக வைத்து அமுக்கிக்கொண்டே உள்மூலையிலிருந்து பின்வாங்கி வந்தாள். பாதித் தரையோடு முழங்கால் போதும் என்றது. மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்வோம் என்று விட்டாள்.

மறுநாள் காலை மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். கட்டில் தேவைப்படுகிறதாம், இன்றைக்கே அழைத்துப்போகச் சொன்னார்கள்.

பொடிசு வீல்சேரில் வந்து இறங்கினாள், மடியில் ஒரு போர்வையோடு. அந்தப் போர்வையை அவள் விலக்குவதே இல்லை. அறுவை முடிந்த நாளிலிருந்து, கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் "அக்கா, நீ கொஞ்சம் வெளிய இரு" என்றுதான் சொல்லிவந்தாள். அக்காவும் வராந்தாவில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"பாத்ரூம் ரெடியா?"

"பாதி ரெடி."

"சட்டுனு இறுகுறதும் இருக்குன்னு சொன்னியே, அதை வாங்கியிருக்கலாம்ல?"

"வாங்கியிருந்தா நானும் சேர்ந்து இறுகியிருப்பேன்டி."

பொடிசு சிரிக்கவில்லை. சமையலறையில் வெந்நீர் வைத்து உடம்பு துடைத்துவிடுகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றுவிட்டாள். மருந்து வாடையோடு கூடத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தாள். அக்கா வேறு வழியில்லாமல் வாளியில் கலவையைக் கலந்துகொண்டு குளியலறைக்குள் போனாள்.

கொஞ்ச நேரம் போயிருக்கும். சக்கரம் உருளும் சத்தம் கேட்டது.

"கோணலாப் போகுது."

"போகல."

"போகுதுக்கா. பிஸ்கட் ஃபாக்டரியில பெட்டி அடுக்கினவ நான். அந்த மூலைக்குப் போகும்போது ஒரு விரல் விலகிடும் பாரு."

முதுகு வலி, முழங்கால் வலி, காலையிலிருந்து ஒரு வார்த்தை நல்லபடியாக வாங்காத வலி எல்லாம் அக்காவுக்குச் சேர்ந்து வந்தது.

"அவ்வளவு தெரிஞ்சா நீ வந்து ஒட்டுடி!"

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. பின்னால் வீல்சேரின் பிரேக் போடும் சத்தம் கேட்டது. பிறகு மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம். பொடிசு இரண்டு கையையும் ஊன்றி, நாற்காலியிலிருந்து படிப்படியாக இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். அப்படியே நகர்ந்து நகர்ந்து வாசலுக்கு வந்துவிட்டாள். போர்வை நாற்காலியிலேயே கிடந்தது.

அக்கா அப்போதுதான் பார்த்தாள். இத்தனை நாளாக வராந்தாவில் நின்று என்னென்னவோ கற்பனை செய்து கலங்கியிருந்தாள். அப்படி ஒன்றும் இல்லை. கொஞ்சம் முன்னாலேயே முடிந்துவிட்ட ஒரு கால். அவ்வளவுதான்.

"என்ன பாக்குற?"

"கட்டு அழகா சுத்தியிருக்காங்க."

"நான்தான் சுத்தினேன்."

"நீயா?"

"பின்ன? நல்லா வந்திருக்குல்ல?" என்று பொடிசு கையை நீட்டினாள். "அந்தத் தகட்டை எடுத்துக் குடு. கலவை இன்னும் இளகித்தானே இருக்கு? ஒட்டினதை இந்தப் பக்கமா ஒரு இழுப்பு இழு. ம், அவ்வளவுதான். இப்ப நேரா வந்துடுச்சு."

வாசலோரத்து வரிகளை இருவரும் கூடத்தில் உட்கார்ந்தபடியே ஒட்டினார்கள். அக்கா கரணையால் இழுத்துக் கொடுத்தாள், பொடிசு தகட்டை வைத்து அமுக்கினாள். தரையில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு நின்று நடக்கிற கால் எதற்கு? நகர்வதில் அக்காவைவிடப் பொடிசுதான் வேகம். தங்கையின் மூக்கு நுனியில் கலவை அப்பியிருந்ததைச் சொல்லாமல் அக்கா வெகுநேரம் ரசித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் பொடிசு தானாகவே கேட்டாள்: "வெந்நீர் வைக்கிறியா? கையெல்லாம் ஒட்டுதுக்கா." உடம்பு துடைத்துவிடவும் சம்மதித்தாள்.

மறுநாள் ஒரு நாள் முழுக்கக் கதவைச் சாத்தியே வைத்தார்கள். அதற்கும் அடுத்த நாள் இருவருமாக உட்கார்ந்து டைல்ஸ் இடுக்கில் பூச்சு தேய்த்தார்கள். அதுவும் காய்ந்த பிறகு ஒரு காலை நேரத்தில் வீல்சேர் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் குளியலறைக்குள் போனது. பொடிசு ஸ்டூலுக்கு மாறி உட்கார்ந்தாள். காலை இனி நனைக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

அக்கா வழக்கம்போல் கதவருகே நின்றாள். "நான் வெளிய இருக்கவா?"

"முதுகை யார் தேய்ப்பா?"

பொடிசு கட்டைப் பிரித்துத் துணியைச் சுருட்டி அக்கா கையில் கொடுத்தாள். அக்கா முதுகு தேய்த்தாள், தலைக்கு ஊற்றினாள். பிறகு, கேட்காமலேயே, கீழே உட்கார்ந்து அந்தக் காலுக்கும் சோப்புப் போட்டாள். தையல் போட்ட இடம் இளஞ்சிவப்பாக, மெத்தென்று இருந்தது.

"வலிக்குதா?"

"இல்லக்கா. கூசுது."

தண்ணீர் வாட்டம் பிடித்து ஓடிக் குழிக்குள் இறங்கியது. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் தேங்கி நின்றது.

"அந்தப் பக்கம் தண்ணி நிக்குது பாரு. நீ ஒட்டின பக்கம்."

"நீ ஒட்டின பக்கம்டி அது."

"யார் பக்கமா இருந்தா என்ன, விடு," என்று பொடிசு முகத்து நுரையை வழித்தாள். "இன்னும் ரெண்டு குவளை ஊத்து. சூடு இதமா இருக்கு."