இடது கதவில் இரும்புத்தூள்

மெல்லிய பாலித்தீன் பை ஒன்றுக்குள் வலது கையை விட்டு, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு, காரின் பானெட்டைத் தடவினேன். அப்போதுதான் ஷாம்பு போட்டுக் கழுவித் துடைத்திருந்தேன். கண்ணுக்கு அது பீங்கான் தட்டுப்போல இருந்தது. வெறும் கையால் தடவியபோதும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பைக்குள் போன கைக்கு மட்டும் உப்புத்தாள் பட்டதுபோல் இருந்தது. தோல் பிடித்துக்கொள்கிறது, பை வழுக்குகிறது, வழுக்கும்போது மேடுகள் மட்டும் விரலில் மிஞ்சுகின்றன என்று நினைக்கிறேன். சரியான விளக்கமா என்று தெரியாது. கையை எடுத்தேன், பையைக் கழற்றினேன், மறுபடி வெறும் கையால் தடவினேன். வழவழப்பு. பையைப் போட்டேன். சொரசொரப்பு. இப்படியே ஐந்தாறு முறை செய்தேன்.

கார் அவருடையது. வெள்ளை நிறம். எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். அவர் அதிகம் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன். எங்களைச் சேர்த்துவைத்தவர்கள் இதையே ஒரு பொருத்தமாகச் சொன்னார்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவிவிட்டு மாடிக்கு வந்தவர், "எவ்வளவு கழுவினாலும் என்னமோ சொரசொரன்னே இருக்கு" என்றார். என்னிடம் சொன்னாரா, தோளில் கிடந்த துண்டிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. ஆனாலும் நான் எதுவும் கேட்காமல் அவராகச் சொன்ன வாக்கியம் அது. அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

வேதியியல் படித்தவள் நான். தண்ணீர் பரிசோதிக்கும் கூடம் ஒன்றில் வேலை. கழுவினால் போகாதது கரையாதது, கரையாதது ஒட்டியிருக்கிறது அல்லது குத்தியிருக்கிறது. அவ்வளவு தூரம் எனக்கே தெரிந்தது. மீதியைக் கார் சாமான் கடைக்காரர் சொன்னார். கண்ணாடியை வழுக்கைத் தலைமேல் ஏற்றிவைத்துவிட்டு அதைத் தேடிக்கொண்டிருந்த மனிதர்.

"அதுக்கு கிளே போடணும்மா" என்றார். மேஜைக் கண்ணாடிக்குக் கீழேயிருந்து மூன்று சின்ன டப்பாக்களை எடுத்து வைத்தார். பேருக்குத்தான் களிமண். கையில் எடுத்தால் ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கும் மக்குபோல இருந்தது, மணம் இல்லாத ஏதோ பிசின். நீலம் மென்மை, மஞ்சள் நடுத்தரம், சிவப்பு முரடு.

"சிவப்பு சீக்கிரம் எடுக்குமா?" என்றேன்.

"எடுக்கும். பெயிண்ட்டோட பளபளப்பையும் சேர்த்து எடுக்கும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். பெயிண்ட் கடைப் பக்கம், வெல்டிங் பட்டறைப் பக்கம், ரயில் தண்டவாளத்துப் பக்கம் நிக்கிற வண்டியா?"

"இல்ல. ஆபீஸ்ல கீழ்த்தளம். வீட்ல ஷெட்."

"வண்டி உங்களுதா?"

"அவரோடது."

"அவர் வரலியா?"

"அவருக்குத் தெரியாது."

கடைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிவப்பையும் மஞ்சளையும் உள்ளே தள்ளினார். "அப்ப நீலம்தான். தெரியாம செய்யற வேலைக்கு மெல்லிசுதான் நல்லது."

வழுக்கலுக்கு ஒரு ஸ்பிரே கொடுத்தார். அது இல்லாமல் தேய்த்தால் கிளேயே கோடு போட்டுவிடுமாம். கட்டியை மூன்றாகப் பிய்த்துக்கொள்ளச் சொன்னார். ஒரு துண்டு கீழே விழுந்தால் அதோடு அதன் கதை முடிந்தது, தரையில் இருக்கிற மணலெல்லாம் அதில் ஏறிவிடும், மிச்சத் துண்டுகளாவது பிழைக்கட்டும் என்றார். முடித்தபின் மெழுகு பூச மறக்கக் கூடாது என்றும் சொன்னார்.

கிளே வாங்கிய வாரத்து ஞாயிறு அவர் சக ஊழியர் ஒருவருடைய வண்டியில் வெளியூர்க் கூட்டத்துக்குப் போயிருந்தார். நான் கிளேயை உள்ளங்கையில் வைத்து இளக்கினேன். தட்டையாக்கி, ஸ்பிரே அடித்த இடத்தில் வைத்து, அழுத்தாமல் நேர்கோட்டில் நகர்த்தினேன். முதலில் கரகரவென்று ஒரு சத்தம், அதைவிட ஒரு அதிர்வு என்று சொல்லலாம். ஏழெட்டு முறை போய்வந்ததும் சத்தம் தேய்ந்து, திடீரென்று கிளே எதன் மேலும் படாததுபோல் ஓடியது. அந்தக் கணம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. திருப்பிப் பார்த்தால் நீலத்தில் சாம்பல் நிறக் கறை. மடித்துப் பிசைந்து புது முகம் எடுத்துக்கொண்டு அடுத்த கையகலத்துக்குப் போனேன்.

"என்னடி இது, காருக்கு மாவு பிசையறியா?"

கீழ்வீட்டிலிருந்து அவருடைய அக்கா வந்து நின்றார். நான் அண்ணி என்று அழைப்பேன். அவர் ஒருவரே எங்கள் இருவருக்கும் சேர்த்துப் பேசுவார். திரும்பிய வேகத்தில் என் கையிலிருந்த துண்டு தரையில் விழுந்தது. அண்ணி குனிந்து எடுத்து, வாயால் ஊதி, "ஒண்ணும் ஆகல" என்று பானெட்டில் தேய்க்கப் போனார்.

"வேண்டாம் அண்ணி!"

ஷெட்டின் தகரக் கூரையில் என் குரல் எதிரொலித்தது. அண்ணி கையை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அட, உனக்கு இவ்வளவு குரல் இருக்கா? மேல்வீட்ல ஆள் இருக்கோ இல்லையோன்னு நான் சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கேன். அவன் ஒரு உம்மணாமூஞ்சி, அவனுக்கு வாய்ச்சது இன்னொண்ணு." துண்டைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

வலது பக்கக் கதவுகள் சீக்கிரம் முடிந்தன. அங்கே அதிகம் ஒன்றும் இல்லை. இடது பக்கம் போய்ப் பையைப் போட்டுத் தடவியதும் கை நின்றுவிட்டது. பானெட் உப்புத்தாள் என்றால் இது அரம். குனிந்து பார்த்தேன். வெள்ளையில் ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய வளையம். கிளே நான்கே நகர்த்தலில் பழுப்பானது. துடைத்த துணியிலிருந்த சேற்றை ஒரு வெள்ளைத் தாளில் தடவிக் காயவைத்தேன். மாடிக்குப் போய் ஃபிரிட்ஜ் கதவில் இருந்த வாத்து பொம்மைக் காந்தத்தை எடுத்துவந்து தாளுக்கு அடியில் நகர்த்தினேன். துகள்கள் எழுந்து நின்று வாத்தின் பின்னாலேயே போயின.

இரும்பு. ஒரு பக்கம் மட்டும். ஒருநாள் இருநாள் நின்றதால் வந்த அளவு அல்ல.

கடைக்காரரிடம் நான் சொன்ன பதிலை நினைத்துக்கொண்டேன். அவருடைய அலுவலகத்தின் கீழ்த்தளத்தை நான் பார்த்திருக்கிறேன். அங்கே பட்டறை கிடையாது. அங்கிருந்து வீட்டுக்கு வரும் வழியில் தண்டவாளமும் கிடையாது. அலுவலகம் ஐந்தரைக்கு முடியும். வீட்டுக்கு இருபத்தைந்து நிமிடம். அவர் வருவது ஏழேகாலுக்கு. முதல் வாரத்தில் ஒருமுறை "லேட்டாயிடுச்சா?" என்று கேட்டதற்கு "ட்ராஃபிக்" என்றார், நான் பிறகு கேட்கவில்லை. தினமும் ஒரு மணி இருபது நிமிடம் இந்தக் கார் எங்கோ நிற்கிறது. அதன் இடது பக்கத்தில் இரும்பு பறக்கிறது.

எனக்கு இரண்டு ஊகங்கள் இருந்தன. முதலாவதில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு கட்டி, அதில் ஒரு பெண்ணைக் குடிவைத்தேன். அவளுக்கு முகம் கொடுக்க என்னால் முடியவில்லை, மாடிப்படியும் ஜன்னல் திரையும் மட்டும் கொடுத்தேன். இரண்டாவது ஊகம் எளிமையானது. அவருக்கு வீட்டுக்கு வரப் பிடிக்கவில்லை. எளிமையானதை முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் அதைக் கடைசிக்குத் தள்ளினேன். வாராவாரம் அம்மா போனில் "மாப்பிள்ளை நல்லா பேசறாரா?" என்பார். நான் "ம்" என்பேன். அந்த ஒரு "ம்"மின் மேல் நின்றுகொண்டுதான் நான் இந்த வீட்டில் நான்கு மாதமாகச் சட்டை மடித்துக்கொண்டிருக்கிறேன்.

இடது பக்கத்தை அப்படியே விடலாமா என்று யோசித்தேன். பிறகு முழுவதையும் எடுத்துவிட்டு மெழுகு பூசினேன். பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கினால்தான் எவ்வளவு சேர்கிறது என்று தெரியும்.

மாலையில் அவர் வந்து, ஷெட்டில் நின்று, பானெட்டில் உள்ளங்கையை வைத்தார். கை வழுக்கிக்கொண்டு போய்விட்டது. மறுபடி வைத்தார். மேலே வந்து, "கையே நிக்கல" என்றார். நான் "ம்" என்றேன். எங்கே நிறுத்துகிறீர்கள் என்ற கேள்வி நாக்கின் நுனிவரை வந்து, வந்த வழியே போனது.

திங்கள் முதல் தினமும், அவர் வந்து குளிக்கப் போனதும், பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். திங்கள் ஒன்றும் இல்லை. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை சந்தேகம். வியாழக்கிழமை இடது கதவின் அடிப்பகுதியில் நான்கைந்து, தெளிவாக. விரலால் எண்ணிக்கொண்டிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம். அவர்தான். வண்டியிலேயே விட்டுவந்த குடையை எடுக்க, குளிக்காமல் இறங்கி வந்திருக்கிறார்.

"கையில என்ன?"

"பை."

"பைக்குள்ள?"

"கை."

அவர் கையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் ஓடினால் பையோடு ஓட வேண்டும்.

"இந்தப் பக்கம் இரும்பு ஏறியிருக்கு" என்றேன்.

"பெயிண்ட்ல இரும்பு ஏறுமா?"

"தண்டவாளம் பக்கம் நின்னா ஏறும். ரயில் பிரேக் பிடிக்கறப்போ தூளா பறக்கும். சூடா வந்து குத்திக்கும். அப்புறம் துருப்பிடிக்கும்."

இவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதில்லை. அவர் குனிந்து புள்ளிகளைப் பார்த்தார். நிஜமான ஆர்வத்தோடுதான் பார்த்தார். "எவ்வளவு நேரம் நின்னா இவ்வளவு ஏறும்?"

"தெரியல. தினமும் ஒரு மணி இருபது நிமிஷம்னு கணக்குப் போட்டிருக்கேன்."

"ஒண்ணேகால்" என்று திருத்தினார். திருத்தியபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது.

கீழ்வீட்டு ஜன்னல் திறந்தது. "ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா, இல்ல எனக்குத்தான் காதுல என்னமோ கேக்குதா?" என்றார் அண்ணி. நான் பையைக் கழற்றினேன். "சரி சரி, நான் ஒண்ணும் பாக்கல" என்று ஜன்னலைச் சாத்தினார்; சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் நிழல் நகரவில்லை.

அவர் குடையை எடுத்தார். அதன் பட்டனை மூன்று முறை போட்டுக் கழற்றினார். "நாளைக்கு அஞ்சரைக்கு ஆபீஸ் வாசலுக்கு வர்றியா?" என்றார்.

அன்றிரவு நான் அந்தப் பெண்ணின் வீட்டை இடித்தேன், கட்டினேன், இடித்தேன்.

வெள்ளிக்கிழமை அவர் வழக்கமான சாலையை விட்டு இடப்புறம் திரும்பினார். குடோன்கள், ஒரு லாரி எடைமேடை, அதைத் தாண்டி ஆள் நடமாட்டம் இல்லாத மண்பாதை. பாதி இடிந்த மதிலை ஒட்டி வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு தண்டவாளங்கள் மாலை வெயிலில் கிடந்தன. சரக்கு ரயில்களைப் பிரித்துச் சேர்க்கும் இடம். வீடு ஒன்றும் இல்லை. ஜன்னல் திரையும் இல்லை.

"இங்கதான்" என்றார்.

ஒரு ரயில் பிரேக் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தது. பல் கூசும் சத்தம். அது நிற்கும்வரை காத்திருந்தேன்.

"இங்க என்ன பண்ணுவீங்க?"

"பெட்டி எண்ணுவேன்."

"எதுக்கு?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஏழேகாலுக்கு வந்தா சாப்பாட்டு நேரம். சாப்பிட்டா தூக்கம். நடுவுல ரொம்ப நேரம் மிஞ்சாது. ஆறு மணிக்கே வந்துட்டா... நீ அந்த நாற்காலில இருப்பே. நான் இந்த நாற்காலில இருப்பேன். என்ன பேசறதுன்னு தெரியாது."

எளிமையான ஊகம்தான் சரி. சோதனையில் நான் எதிர்பார்த்த முடிவு வந்து, அது நெஞ்சில் அடைத்தது முதல்முறை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.   அவர் வண்டியைக் கிளப்பவில்லை.

"நான் மிக்ஸி போடுவேன்" என்றேன்.

"என்னது?"

"கேட் திறக்கற சத்தம் கேட்டதும் போய் மிக்ஸி போடுவேன். நீங்க குளிக்கப் போற வரைக்கும் ஓடும். பேச வேண்டாமில்ல."

"தினமும் என்னத்தையோ அரைக்கறேன்னு நெனச்சேன்."

"பாதி நாள் வெறும் தண்ணி."

அவருக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. பிறகு சத்தமே இல்லாமல் தோள்கள் குலுங்கின, நெற்றி ஸ்டியரிங்கில் போய் இடித்தது, ஹாரன் ஒருமுறை அடித்து இருவரும் துள்ளினோம். அப்புறம் எனக்கும் அடக்க முடியவில்லை. சிரித்து முடித்ததும், பழைய மௌனம் திரும்பி வந்து பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டது. அது எங்கேயும் போகவில்லை என்று இருவருக்கும் தெரிந்தது.

"எண்ணறியா?" என்றார். "உன் பக்கம்தான் நல்லா தெரியும்."

கண்ணாடியை இறக்கினேன். நீளமான ஒரு சரக்கு வரிசை எங்களுக்கு முன்னால் நின்றது. தொலைவில் அதன் தலைப்பக்கம் எஞ்சின் ஒன்று மெல்லப் பின்னால் வந்து, முட்டி, மாட்டிக்கொண்டது. சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அது இழுத்தது. முதல் பெட்டி அசைந்தது. டக். இரண்டாவது. டக். இணைப்புகளில் இருந்த தொய்வு ஒவ்வொன்றாக இறுகிக்கொண்டு, சத்தம் வரிசை நெடுக எங்களை நோக்கி ஓடிவந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு நேர் எதிரே நின்ற பழுப்புப் பெட்டி இன்னும் அசையவில்லை.