அசல் உடைகள் மட்டும்

செக்கிங் அக்கா ஓர் ஆளைப் பார்த்தால் முதலில் தையலைப் பார்ப்பாள், முகமெல்லாம் அப்புறம்தான். ஏற்றுமதிக்குத் துணி தைக்கும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாகச் செக்கிங் மேஜைக்குப் பின்னால் நின்று பழகிய கண் அது. குழல் விளக்கு வெளிச்சத்தில் சட்டையை விரிப்பாள், காலரை இழுப்பாள், உள்பக்கம் திருப்புவாள், ஒரு 'ச்சு' கொட்டுவாள். அந்த 'ச்சு' காதில் விழுந்தால் தையல் லைனில் உட்கார்ந்திருக்கும் நாற்பது பேருடைய மெஷினும் ஒரு நொடி நிற்கும். தேறாத பீஸின் பாக்கெட் உள்துணியில் சிவப்பு மையால் முத்திரை குத்தித் திரும்பிப் பார்க்காமலே பின்னால் இருக்கும் கூடையில் எறிவாள். முத்திரையில் ஒரு பெருக்கல் குறி, அதன் கீழே அவளுடைய எண். பதினேழு.

வீட்டிலும் அதே கதைதான். கல்யாணத்துக்கு என்று அந்தக் காலத்தில் பார்க்க வந்த மூன்று பேரில் ஒருவனுடைய கால்சட்டை மடிப்பு கோணல். இன்னொருவன் சட்டையில் ஒரு பட்டன் மட்டும் வேறு நிறம். மூன்றாமவனிடம் குறை எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை, அதனாலேயே அவன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நாற்பத்தெட்டு வயதில் தம்பி வீட்டுப் பின்னறையில் இருந்தாள். தம்பி மனைவி வார்த்தைக்கு வார்த்தை 'அண்ணி' போடுவாள். அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று மட்டும் அவளால் பிரித்துப் பார்க்க முடிந்ததில்லை.

அவளுக்கு இருந்த ஒரே ஆசை பழைய உடைகள். எழுபது எண்பது வருஷத்துக்கு முந்தைய ஃபிராக்குகள், கோட்டுகள். பின்னறை அலமாரியில் ஏழு தொங்கின. கையால் கட்டிய பட்டன் துளைகள், உள்ளே பட்டுப் பட்டி வைத்து முடித்த ஓரங்கள். உலகத்தில் ஒரு காலத்தில் மனிதர்கள் ஒழுங்காக வேலை செய்திருக்கிறார்கள் என்பதற்கு அவளிடம் இருந்த சாட்சி அந்த ஏழுதான்.

கடைவாய்ப் பல்லை அடைக்கப் போன இடத்தில்தான் அந்தக் கூட்டத்தைப் பற்றித் தெரியவந்தது. பல் டாக்டரம்மா தன் கிளினிக் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தாள். பழைய ரயில் பெட்டி ஒன்றின் முன்னால் தொப்பியும் கையுறையுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர்.

"மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை எங்கயாவது கிளம்பிடுவோம். எல்லாரும் அந்தக் காலத்து டிரெஸ்லதான் வரணும். நீங்களும் வாங்களேன்," என்றாள் டாக்டரம்மா, கையில் ஊசியை வைத்துக்கொண்டு. வாயை அகலத் திறந்து உட்கார்ந்திருப்பவளால் என்ன மறுப்புச் சொல்ல முடியும்?

முதல் தடவை பூங்காவில் கூடினார்கள். சாம்பல் நிற ஃபிராக்கும் முத்துப் பட்டன்களுமாகப் போய் நின்ற செக்கிங் அக்காவுக்கு ஐந்தே நிமிஷத்தில் விஷயம் விளங்கிவிட்டது. மொத்தக் கூட்டத்தில் உருப்படியாக ஒன்று இல்லை. புள்ளி போட்ட ஃபிராக்கில் நைலான் ஜிப் பல்லை இளித்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் போட்டிருந்த சூட்டின் உள்துணி பசையால் ஒட்டியது. வெயில் பட்டதும் மார்பில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. டைப்பிங் டீச்சர் ஒருத்தியின் தொப்பியில் செருகியிருந்த இறகு சந்தேகமில்லாமல் கோழியுடையது. இந்த லட்சணத்தில் புல்லில் விரிப்பைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "அந்தக் காலமே ஒரு தனி அழகுதான்!" என்று பெருமூச்சு வேறு.

'அந்தக் காலத்துல உங்களை வாசலோட திருப்பி அனுப்பியிருப்பாங்க' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆனாலும் அடுத்த மாதமும் போனாள். அதற்கடுத்த மாதமும் போனாள். படகுச் சவாரி, அருங்காட்சியகம், பழைய கார்களின் ஊர்வலம் எதையும் விடவில்லை. நூலிழை எண்ணும் சிறிய பூதக்கண்ணாடி ஒன்று அவள் கைப்பையில் இருக்கும். யாராவது, "எப்படி இருக்கு என் டிரெஸ்?" என்று கேட்டு மாட்டிக்கொண்டால் தீர்ந்தது. ஓரத்தைத் திருப்பி லென்ஸை வைத்துப் பார்த்து, "ஓவர்லாக் மெஷின் தையல். போன வருஷத்துச் சரக்கு," என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். அவர்கள் சிரித்துவிட்டு நகர்வார்கள். தனக்குப் பின்னால் 'பூதக்கண்ணாடி' என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். வைக்கட்டும். குப்பைக்கு விளக்குமாற்றைப் பிடிக்குமா?

"அவ்வளவு மட்டமா இருந்தா ஏன் அண்ணி மாசாமாசம் போறீங்க?" என்று தம்பி மனைவி கேட்டாள்.

"எவ்வளவு மட்டம்னு போனாத்தானே தெரியும்."

ஒன்றே ஒன்றுதான் அவள் கைக்குச் சிக்காமல் இருந்தது. டாக்டரம்மாவின் பழுப்பு நிறக் கம்பளிக் கோட்டு. குளிர் மாதங்களில் அதைத்தான் போட்டு வருவாள். அவளுடைய அப்பாவின் அத்தை கப்பலில் நர்ஸாக இருந்தாளாம், அவள் போட்ட கோட்டாம். அத்தையைப் பற்றி ஒவ்வொரு கூட்டத்திலும் புதிதாக ஒரு செய்தி வரும். ஒரு மாதம் கப்பலில் டைபாய்டு பரவி அத்தை ஒற்றை ஆளாக அறுபது பேரைக் காப்பாற்றினாள். இன்னொரு மாதம் கேப்டன் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லிக் கெஞ்சினான். மற்றவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். செக்கிங் அக்கா கோட்டின் தோள்பட்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கோ இடித்தது. ஆனால் தொட்டுப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

இரண்டாம் வருஷம் குளிர்காலத்தில் ஒரு பழைய ஓட்டலின் மாடி ஹாலை எடுத்து மாலைத் தேநீரும் நடனமும் என்று ஏற்பாடு செய்தார்கள். மரத்தரை, நீளமான ஜன்னல்கள், மூலையில் வயலினும் பியானோவுமாக மூன்று கிழவர்கள். கண்ணாடிக் கடைக்காரர் வந்து குனிந்து கை நீட்டியதும் டாக்டரம்மா வெட்கப்பட்டுக்கொண்டே கோட்டைக் கழற்றினாள். பக்கத்தில் இருந்தது செக்கிங் அக்கா.

"இதைக் கொஞ்சம் பிடிங்களேன், ஒரு ரவுண்டு ஆடிட்டு வந்துடறேன்."

கோட்டு மடியில் விழுந்தது. செக்கிங் அக்காவின் கை தானாகப் பாக்கெட்டுக்குள் போய் உள்துணியை வெளியே இழுத்தது. வெளுத்துப்போன சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. அதன் கீழே பதினேழு.

இப்போது எல்லாமே நினைவுக்கு வந்துவிட்டது. பழைய மாடலில் தைத்துக் கேட்ட ஆர்டர் அது, பதினோரு வருஷத்துக்கு முன்னால். இருநூறு கோட்டுகளில் முப்பதை அவள் தள்ளினாள். தள்ளியதெல்லாம் மூட்டை மூட்டையாக நடைபாதைக் கடைகளுக்குப் போனது. கப்பலாவது, நர்ஸாவது! அந்த ஒரு பாட்டு முழுக்க அவள் அனுபவித்த சந்தோஷத்தை அதற்கு முன்னால் எந்தக் கல்யாண வீட்டிலும் அனுபவித்ததில்லை.

தேநீருக்கு எல்லோரும் நீள மேஜையைச் சுற்றி உட்காரும்வரை பொறுத்துக்கொண்டாள். பிறகு தொண்டையைச் செருமினாள்.

"டாக்டரம்மா, இந்தக் கோட்டு யாரோடது?"

"எங்கப்பாவோட அத்தை..."

"எந்த அத்தையும் இல்ல. எங்க ஃபாக்டரியில தைச்சது. இடது கை அரை அங்குலம் கட்டையா இருந்துச்சு, நான்தான் ரிஜெக்ட் பண்ணினேன். இதோ என் முத்திரை. பதினேழு, நான்தான்."

உள்துணியை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள். இப்போது டாக்டரம்மாவின் முகம் சுருங்கவேண்டும், மற்றவர்கள் சீ என்று பார்க்கவேண்டும். அதற்காகக் காத்திருந்தாள்.

"அய்யய்யோ, அந்தப் பதினேழு நீங்கதானா?" என்று கத்தினார் கண்ணாடிக் கடைக்காரர். "அது என்னன்னு நாங்க மண்டையை உடைச்சுக்கிட்டோம்! கடைசியில அத்தையோட கேபின் நம்பர்னு வெச்சுக்கிட்டோம்!"

மேஜை மொத்தமும் சிரித்தது. டைப்பிங் டீச்சருக்குப் புரையேறிவிட்டது.

செக்கிங் அக்காவுக்குப் புரியவில்லை. "அப்ப... பொய்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நானும் இவரும் பிளாட்பாரத்துலதான் வாங்கினோம், ஒரு மழையில மாட்டிக்கிட்டு," என்றாள் டாக்டரம்மா, கண்ணாடிக் கடைக்காரரைக் காட்டி. "அத்தை கதை சும்மா விளையாட்டு. ஆளுக்கொரு மாசம் கதையை நகர்த்துவோம். டைபாய்டுங்கறது டீச்சரோட ஐடியா."

"எங்கிட்ட ஏன் யாரும் சொல்லலை?"

டாக்டரம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு பல் பிடுங்குவதற்கு முன்னால் நோயாளியிடம் பேசுகிற அதே கனிவான குரலில் சொன்னாள்: "தப்பா நினைக்காதீங்க. நீங்க எங்களைக் குறை சொல்றதுக்குத்தானே வர்றீங்க. பாவம், அதை ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டோம்."

பாவம்! இந்தக் கோழி இறகும் பசைச் சூட்டும் தன்னைப் பார்த்துப் பாவம் என்று சொல்கின்றன! செக்கிங் அக்கா கோட்டை நாற்காலியில் வைத்தாள், கையுறைகளை மாட்டினாள், யாரையும் பார்க்காமல் படியிறங்கினாள். மேலே வயலின் மறுபடி தொடங்கிவிட்டது. போகிறவளை நிறுத்தக்கூட யாரும் வரவில்லை என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

ஒரு வாரம் வீட்டில் யாரோடும் பேசவில்லை. தொழிற்சாலையில் கூடை நிரம்பி வழிந்தது. எட்டாம் நாள் ஒரு முடிவோடு நூலகத்துக்குப் போய் அறிவிப்புப் பலகையில் தன் கையால் எழுதிய தாளை ஒட்டினாள்: 'அசல் பழைய உடைகள் மட்டும். ஞாயிறு மாலை மூன்று மணி.' கீழே தம்பி வீட்டு விலாசம்.

"நம்ம வீட்டுக்கா அண்ணி?" என்றாள் தம்பி மனைவி.

"கூட்டமெல்லாம் வராது. தகுதியானவங்க மட்டும்தான் வருவாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாலில் ஆறு நாற்காலிகள் போட்டு, பச்சை ஃபிராக்கில் காத்திருந்தாள். முதலில் வந்த பெண்ணின் ஜீன்ஸ் சட்டையைக் கதவிலேயே லென்ஸ் வைத்துப் பார்த்து அனுப்பினாள். அடுத்து வந்த ஜோடி, "இது எங்க மாமாவோடதுங்க, இருபது வருஷப் பழசு," என்று பெருமையாகச் சொன்னது. "இருபது வருஷம் பழசில்ல, அழுக்கு," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

நாலு மணிக்கு அழைப்புமணி அடித்தது. அறுபத்தைந்து வயது ஆள் ஒருவர் நின்றார். கருநீலத்தில் கோட்டு, உள்கோட்டு, பேன்ட் என மூன்றும் சேர்ந்த சூட்டு. செக்கிங் அக்கா அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தாள். ஜன்னல் பக்கம் நிறுத்தினாள். காலரின் அடியில் கையால் போட்ட சின்னஞ்சிறு தையல்கள், ஒன்றுபோல் ஒன்று. கொம்புப் பட்டன். தோளில் ஒரு சுருக்கம் இல்லை.

"இது... யாரோடது?"

"என் மாமனாரோடது. கல்யாணத்தப்போ குடுத்தாரு. அவருக்கு அவரோட மாமனார் குடுத்தாராம்," என்றார் அவர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவராம். "எனக்குப் பிள்ளைங்க மூணும் ஆம்பளைங்க. மாப்பிள்ளைன்னு ஒருத்தன் வரப்போறதில்ல, யார் தலையில கட்டறது சொல்லுங்க? லைப்ரரியில பேப்பர் படிக்கப் போனேன், உங்க நோட்டீஸைப் பார்த்தேன். பழைய துணி எடுத்துக்கிறீங்கதானே?"

"எடுத்துக்கிறதா? இது கூடி உட்கார்ந்து ரசிக்கிறதுக்குங்க!"

"எதை?"

"இந்த உடுப்பைத்தான்!"

அவர் குனிந்து தன்னையே ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "ரசிக்கவா? முப்பத்தெட்டு வருஷமா அக்குள்ள அரிக்குதும்மா. விசேஷம்னு யார் கூப்பிட்டாலும் என் வீட்டுக்காரி இதைத்தான் எடுத்து வெப்பா. அவ போனப்புறமும் பையனுங்க விடமாட்டேங்கறானுங்க. இதை எடுத்துக்கிட்டு வேற ஏதாவது சாதா சட்டை இருந்தா குடுங்க, புண்ணியமாப் போகும்."

சமையலறை வாசலில் நின்ற தம்பி மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

செக்கிங் அக்கா லென்ஸை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். பிறகு பின்னறைக்குப் போய்க் கட்டிலுக்கடியிலிருந்து தொழிற்சாலை மூட்டையை இழுத்தாள். ஊழியர்களுக்கென்று அவ்வப்போது கொடுக்கும் தள்ளிய சரக்கு. அவள் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. கைக்கு வந்த முதல் சட்டை, மஞ்சளில் பெரிய பெரிய இலை போட்டது. பாக்கெட் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கூட ஒரு பேன்ட். அவர் குளியலறைக்குள் போய் மாற்றிக்கொண்டு, சூட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். சுருட்டி! அவள் பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள்.

அவர் ஹால் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார். கைகளை மேலே தூக்கினார், வீசிப் பார்த்தார். "அடேயப்பா, உடம்புல எதுவும் போட்ட மாதிரியே இல்ல!"

"பாக்கெட் கோணல்," என்றாள் செக்கிங் அக்கா.

"இருக்கட்டும்மா. நானும் நேரா நிக்கறதில்ல."

வாசலில் செருப்பு மாட்டும்போது தம்பி மனைவியிடம் குரலைத் தாழ்த்தினார். அவர் குரல் தாழ்த்தினாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். "உங்க அண்ணிக்கு வேற வேலை ஒண்ணும் இல்லையா? நல்ல துணியைக் குடுத்துட்டுப் கந்தலை வாங்கிட்டு இப்படிக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்குது. கொஞ்சம் கவனிச்சுக்கோங்க."

செக்கிங் அக்கா பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தாள். புது மாப்பிள்ளை போலக் கையை வீசிக்கொண்டு, மஞ்சள் இலைகள் பளபளக்கத் தெருவில் போய்க்கொண்டிருந்தார். எதிரே வந்த தெரிந்தவர் ஒருவரிடம் நின்று சட்டையைத் தொட்டுத் தொட்டுக் காட்டவும் செய்தார்.

"ரசனை கெட்ட ஜென்மம்," என்றாள் அவள், சத்தமாகவே.

பிறகு உள்ளே வந்து ஐந்து நாற்காலிகளை மடக்கி வைத்தாள். மிச்சமிருந்த ஒன்றில் உட்கார்ந்து, சூட்டை மடியில் விரித்து, லென்ஸை எடுத்துக் கழுத்துத் தையலிலிருந்து ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தாள். தம்பி மனைவி கொண்டுவந்து வைத்த தேநீர் பக்கத்திலேயே ஆறிப்போனது.