ஓரமாகவே போய்ச் சேரும் இடம்

அவளுக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. வீட்டிலும் வேலையிடத்திலும் அவள் பெயர் நிதானம். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பற்கள் செய்துகொடுக்கும் கூடம் ஒன்றில் அவள் பணிபுரிந்தாள். மெழுகில் பல்வரிசை அமைத்து, மேல்தாடையும் கீழ்த்தாடையும் பொருந்துகின்றனவா என்று பார்த்து, இடிக்கும் இடத்தை இம்மி இம்மியாகத் தேய்த்தெடுப்பாள். மற்றவர்கள் மூன்று வாய்களுக்குப் பல் கட்டும் நேரத்தில் அவள் ஒரு வாய்க்குத்தான் கட்டுவாள்; ஆனால் அவள் கட்டியனுப்பியது சரியில்லை என்று ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. வீட்டைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பாள். படியிறங்கியபின் மறுபடி ஏறிவந்து இன்னொரு முறை இழுப்பாள்.

"பூட்டு கழண்டு கையோட வந்தாத்தான் அம்மாவுக்கு நிம்மதி" என்பாள் மகள். எதற்கும் ஒரு மறுப்பு வைத்திருப்பதால் அந்த மகளுக்கு வக்கீல் என்று பெயர்.

இத்தகைய நிதானம் நடுவயதில் கார் ஓட்டக் கற்றது ஆசையால் அன்று. அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். விழித்திரை பழுதுபட்டு ஒரு கண்ணின் பார்வை போய்விடவே, உரிமத்தை ஒப்படைத்துவிட்டுப் பணிமனையிலேயே சாவி எடுத்துக்கொடுக்கும் அறையில் அமர்ந்தார். ஆண்டுதோறும் விடுமுறைக்குக் குடும்பத்தை எங்கோ தொலைதூரத்திற்கு ஓட்டிச்சென்றவர், சென்ற ஆண்டு தம் அண்ணனுடைய வேனில், கடைசி இருக்கையில், பெட்டிகளுக்கும் தண்ணீர்க் குடுவைகளுக்கும் நடுவே அமர்ந்து கடற்கரைக்குப் போனார். அண்ணன் நல்லவர்தாம். ஆனால் தம்பியை வண்டியில் ஏற்றிய நொடி முதல் இறக்கிவிடும்வரை, கண்தெரியாத பக்கம் எது என்று எல்லாரிடமும் உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். கடற்கரைக் கூட்டத்தில் யார் யாரோ வந்து இவர்மேல் மோதினார்கள். வீடு திரும்பிய அன்று அவர் மனைவியிடம் ஒன்றே ஒன்று சொன்னார்:

"அடுத்த வருஷம் நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்டப் பாத்துக்கிறேன்."

அந்த அடுத்த ஆண்டுதான் இப்போது வந்திருந்தது. இம்முறையும் தாம் வாடகைக்கு எடுக்கும் கடற்கரை வீட்டுக்கு எத்தனை பேர் என்று ஞாயிறு மாலைக்குள் சொல்லுமாறு அண்ணன் கேட்டிருந்தார். அவரை விட்டுவிட்டுத் தானும் மகளும் மட்டும் போவது விடுமுறையே அன்று என்று நிதானம் முடிவுகட்டியிருந்தாள். தான் ஓட்டிச்செல்லக்கூடிய தொலைவில் ஓரிடம் கண்டுபிடித்தே தீரவேண்டும்.

தேடுவதிலும் அவள் நிதானந்தான். மலையை விலக்கினாள், எதிரே பேருந்து வந்தால் வளைவில் பின்னால் எடுக்கவேண்டும், பின்னால் எடுப்பது அவளுக்கு வராது. ஏரிக்கரை விடுதியை விலக்கினாள். அங்கே வண்டியைச் சுவரோடு சுவராகச் செருகவேண்டும்.

"நாம தேடறது லீவுக்கு இடமா, பார்க்கிங்குக்கு இடமா?" என்று வக்கீல் கேட்டாள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இடைஞ்சல் ஒன்று இருந்தது. ஓரத்தோடு ஒட்டித் திரும்புவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே கடந்து திரும்புவது என்றாலோ கைகால் ஓடாது. ஊருக்குள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். திரும்பவேண்டிய தெருவைத் தாண்டிப் போய், அடுத்தடுத்து ஓரமாகவே திரும்பி, ஒரு வட்டமடித்துப் பின்பக்கமாக அதே தெருவுக்கு வந்து சேருவாள். பால் வாங்கப் போனால் வீடு வருவதற்குள் தயிராகிவிடும் என்பது மகளின் கணிப்பு.

ஆகவே கைப்பேசியில் வரைபடத்தை விரித்து, விரலால் சாலைகளைத் தடவித் தடவி, வீட்டிலிருந்து ஓரத் திருப்பங்களாலேயே போய்ச் சேரக்கூடிய ஓரிடத்தைத் தேடினாள். ஒரு நீர்த்தேக்கம் அகப்பட்டது. அணை கட்டிய காலத்தில் பொறியாளர்கள் தங்கிய வீட்டை இப்போது வாடகைக்கு விடுகிறார்களாம். தொலைபேசியில் விசாரித்தாள். இரண்டு அறை, ஓர் அடுப்படி, ஆளரவமில்லாத கரை என்றாள் அதைப் பார்த்துக்கொள்ளும் பெண்.

ஞாயிறு காலை கணவரை அழைத்தாள். அவர் வரவில்லை என்றார்.

"பாக்கத்தான் கூப்பிடறேன். இருக்கச் சொல்லல" என்றாள் அவள்.

அவர் கைப்பேசியை வாங்கி, நல்ல கண்ணுக்கு அருகே பிடித்து, வழியைச் சற்று நேரம் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். வக்கீலும் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டாள்.

போகும் பயணம் வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல் அமைந்தது. திருப்பம் வந்தபோதெல்லாம் விளக்கைப் போட்டு, ஓரத்தை உரசாமல் வளைத்து, அவள் உள்ளுக்குள் பூரித்துக்கொண்டாள். பொறியாளர் வீட்டில் கட்டில்கள் கிரீச்சிட்டன. குழாயில் முதலில் துருநீர் வந்து பிறகு தெளிந்தது. வாசலைவிட்டு இறங்கினால் அணைக்கரை. அதற்கு அப்பால் கண்ணுக்கு எட்டியவரை நீர். நீர்க்காகங்கள் ஒரு பட்டமரத்தில் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. கணவர் கரைமேல் முன்னும் பின்னுமாக நடந்தார். வீட்டுக்குள்கூடச் சுவரைத் தொட்டுக்கொண்டே நடக்கப் பழகிவிட்டவர், இங்கே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்ததை அவள் பார்த்தாள்.

"இங்க யாரும் என்மேல வந்து இடிக்கமாட்டாங்க" என்றார் அவர், திரும்பி வந்து.

இதுதான் இடம் என்று அவள் அப்போதே உறுதி செய்துவிட்டாள். அந்த உறுதி நெடுஞ்சாலை முனைவரைதான் தாங்கியது.

அணைச்சாலை நெடுஞ்சாலையில் வந்து முட்டும் இடத்தில் வண்டியை நிறுத்தியபோதுதான் அவளுக்கு உறைத்தது. வரும்போது ஓரத்தோடு ஒட்டித் திரும்பிய அதே முனை. இப்போது வீட்டுக்குப் போகவேண்டுமானால் விரைந்துவரும் வண்டிகளைக் குறுக்கே கடந்து அந்தப் பக்கம் ஏறவேண்டும். இந்த முனை மட்டுமன்று. வந்த வழியிலிருந்த ஓரத் திருப்பம் ஒவ்வொன்றும் போகும் வழியில் குறுக்குத் திருப்பமாக மாறிக் காத்திருந்தது. பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பவள் இதை ஒருமுறைகூட எண்ணிப் பார்க்கவில்லை.

"ஓரமாவே திரும்பிப் போயிட்டே இருந்தா என்ன?" என்றாள்.

"அடுத்த நாடு வரும்" என்றாள் வக்கீல்.

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் வியப்பின் சாயலே இல்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"போன்ல பாத்தப்பவே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கெளம்பியிருக்கமாட்ட." வேறெங்கோ பார்த்தபடி சொன்னார்: "எனக்கும் வரணும்னு இருந்துச்சு."

பின்னால் ஒரு வண்டி வந்து நின்று ஒலியெழுப்பியது. ஹாரன் அடிப்பவன் அடிக்கட்டும், அவனா உன் வண்டியை ஓட்டுகிறான் என்றார் கணவர். கண்தெரியாத பக்கமாக இருப்பதால் தம் பக்கத்துச் சாலை தமக்குத் தெரியாதென்றும், இரண்டு பக்கத்தையும் அவளே பார்த்துக்கொள்ளவேண்டும் என்றும் சொல்லிவிட்டு, கைகளை மடிமேல் வைத்துக்கொண்டார். அவள் பார்த்தாள். இடைவெளி வந்தது, விட்டாள். மறுபடி வந்தது, அதையும் விட்டாள். மூன்றாவதில் வண்டியை நகர்த்தினாள்; நடுச்சாலையில் எஞ்சின் அணைந்துபோயிற்று.

ஒரு தண்ணீர் லாரி சக்கரம் தேய்ந்து அலற வந்து, கதவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அதன் ஓட்டுநர் தலையை நீட்டி அவளுடைய பரம்பரையையே விசாரித்தார். நிதானம் ஏச்சை முழுவதும் கேட்டுக்கொண்டே சாவியைத் திருப்பினாள். முதல் கியரைப் போட்டாள். கிளட்சை மெல்ல விட்டாள். கார் ஒருமுறை குலுங்கி, மறுபக்கம் ஏறி, நேரானது. சிறிது தொலைவு போய் ஓரமாக நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்தாள்; இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.

கைப்பேசி ஒலித்தது. வக்கீல் எடுத்து, பெரியப்பா என்று சொன்ன மறுநொடியே நடந்த கதை அத்தனையையும் கொட்டிவிட்டாள். அண்ணனின் குரல் வண்டி முழுவதும் கேட்டது. யாரும் அசையக்கூடாது, தம் ஓட்டுநரோடு உடனே புறப்பட்டு வருகிறார், அந்த ஓட்டுநர் காரை எடுத்துவரட்டும், இவர்கள் வேனில் வந்துவிடலாம். அப்படியே கடற்கரைக்கும் மூன்று பேர் என்று சொல்லிவிடவா?

கணவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு இடையில் இன்னும் இரண்டு குறுக்குத் திருப்பங்கள் இருந்தன. ஊர் எல்லையில் இருப்பது இதைவிடக் கடுமையானது. நிதானம் அதை மனத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள், பயம் போகவில்லை. கைப்பேசியைக் கேட்டு வாங்கினாள்.

"நீங்க வரவேண்டாம்" என்றாள். "கடலுக்கு நீங்க போயிட்டு வாங்க. நாங்க மூணு பேரும் லீவுக்கு இந்த அணைக்குத்தான் வரப்போறோம். நான் ஓட்டுறேன்."