மாரப்பன் சொல்லாதது

துளசிமணி நான்காவது குடத்தை இறக்கி வைத்தபோது, ஆட்கள் வெறும் பாடையைத் தூக்கிச் சந்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பவில்லை. லைன் வீடுகளின் சந்து குறுகல். அதன் முனையில் அப்பா கட்டிய துவைக்கிற கல், செங்கலும் சிமெண்டுமாகத் தொடை உயரத்துக்கு நின்றது. கல்லின் மேல் காஜா மொய்தீன் ஏட்டய்யா உட்கார்ந்திருந்தார்.

பத்து வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் உட்காரும் இடம் அதுதான்.

பக்கத்து வீட்டுத் தூக்குப்போசியிலிருந்து டீயை டம்ளரில் ஊற்றி அவரிடம் நீட்டினாள்.

"போறப்ப உங்கிட்டயாச்சும் சொன்னாரா கண்ணு?"

"உங்களுக்குச் சர்க்கரை போடாம டீ குடுக்கச் சொன்னாருங்க."

"அது மட்டுந்தானா?"

"அது மட்டுந்தானுங்க."

அவர் சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் சொன்னது உண்மை. நேற்று மதியம் மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் அப்பா கடைசியாகச் சொன்னது அதைத்தான்.

எண்பத்து நாலில் பஞ்சப்படி கேட்டு ஊரே ஸ்ட்ரைக் செய்தது. பனியன் கம்பெனி முதலாளி வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து மிஷினை ஓட்டப் பார்த்தார். காலையில் திறந்தால் நாலு நிட்டிங் மிஷினிலும் ஒரு ஊசி இல்லை. மிஷின் பிட்டரான அப்பா மாரப்பனைத் தவிர வேறு யாருக்கும் அவ்வளவு சுத்தமாக உருவத் தெரியாது என்று அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். விசாரித்தவர் காஜா மொய்தீன். கன்னத்தில் ஒரு அறையும் விட்டார். அடுத்த நாள் சங்கத்து வக்கீல் வந்து, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, இவர் பேச வேண்டியதில்லை என்றார். ஊசி கிடைக்கவில்லை. கேஸ் நிற்கவில்லை.

வெளியே வரும்போது அப்பா ஏட்டய்யாவையே கேட்டாராம்: "வக்கீல் சொன்னது நெசமுங்களா?"

"நெசந்தான். என்னைய அதை ஊருக்குள்ள சொல்லச் சொல்லாதீங்க, எம்பொழப்புப் போயிரும்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் அறைந்ததற்கு வருத்தம் சொல்ல வந்தார். அப்புறம் வந்துகொண்டே இருந்தார். ரிடையரான பிறகும் வந்தார். டீயை வாங்கியதும், "மாரப்பா, இன்னிக்காச்சும் சொல்லீருங்க," என்பார். "டீ ஆறுதுங்க ஏட்டய்யா," என்பார் அப்பா. பிறகு இருவரும் மழையைப் பற்றியோ மகள்களின் கல்யாணத்தைப் பற்றியோ பேசுவார்கள்.

துளசிமணியை யாரும் எதுவும் கேட்டதில்லை. அப்போது அவளுக்குப் பதிமூன்று வயது. அப்பா கல் கட்டிய அன்று மணல் சலித்துக் கொடுத்தது அவள்தான். பனியன் வேஸ்ட் துணியில் சுற்றிய பொட்டலங்களைச் செங்கல்களுக்கு நடுவே ஒவ்வொன்றாக அவர் படுக்க வைத்ததைப் பார்த்தாள். தூங்கும் பூனைக்குட்டிகளைக் கூடையில் வைப்பவரைப் போல வைத்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

"திரும்பாதப்பா," என்றார் திருமூர்த்தி சித்தப்பா. "இந்தக் கல்லைத் தட்டிப்போட்டா ரெண்டு நிமிச வேலை. கடப்பாரையை எடுங்க."

துளசிமணி திரும்பிப் பந்தலைப் பார்த்தாள். முதலாளி இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் போட்ட ரோஜா மாலை அப்பாவின் கழுத்தில் இருந்தது. மிஷினின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்ல வேறு ஆள் கிடைக்காமல், ஸ்ட்ரைக் முடிந்ததும் அவரே அப்பாவைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டவர். அவர் காலடியில் ஊசிகள் கொட்டினால் அப்பா இந்தச் சந்தைத் தாண்டுவதற்குள் திருடன் ஆகிவிடுவார்.

"கல்லு இருக்கட்டுங்க சித்தப்பா."

"ஏங்கண்ணு? பொணத்தை எந்த வழியாக் கொண்டுபோறது, ஓட்டைப் பிரிச்சா?"

"ஒடச்சா ஒடைங்க சாமி," என்று உள்ளேயிருந்து அம்மா ஆயம்மாளின் குரல் வந்தது. ஆயம்மாளுக்கு எதுவும் தெரியாது. "ஓரமெல்லாம் பேந்துபோச்சு. நானே சொல்லீட்டிருந்தேன்."

"அப்பா கட்டுனதுங்கம்மா," என்றாள் துளசிமணி.

கடப்பாரை வந்துவிட்டது.

"ஏட்டய்யா, கொஞ்சம் எந்திரிங்க," என்றார் சித்தப்பா.

காஜா மொய்தீன் எழுவதற்காகக் கல்லின் பக்கவாட்டில் கையை ஊன்றினார். குளிப்பாட்டிய தண்ணீர் தெறித்து அங்கே ஈரமாக இருந்தது. பேந்த இடத்தில் ஒரு விரிசல். கையை எடுத்தபோது விரல் நுனி துருவேறியதுபோலச் செம்பழுப்பாக இருந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு துளசிமணியைப் பார்த்தார்.

அவள் குடத்தைப் பார்த்தாள். குடத்துக்குள் பந்தலின் ஓட்டை வழியே விழுந்த வானம் ஒரு துண்டு மிதந்தது.

ஏட்டய்யா விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, விரிசலின் மேல் தொங்கும்படி கல்லில் விரித்து, அதன் மேல் மறுபடியும் உட்கார்ந்தார்.

"எனக்கு முழங்கால் வலிங்க. பாடையைச் சாய்ச்சுத் திருப்புங்க, திரும்பும்."

"போலீசை எந்திரிக்கச் சொல்றதுக்குக் கோர்ட்டு ஆர்டரு வேணுமாட்ட இருக்குது," என்றார் சித்தப்பா. யாரோ சிரித்தார்கள். கடப்பாரை சுவரில் சாய்ந்தது.

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து அருகே வந்தார். "அந்த ஊசிக் கதை கடைசி வரைக்கும் நமக்குத் தெரியாமயே போயிருச்சு, பாருங்க. உங்களுக்காச்சும் ஏதாச்சும்..."

ஏட்டய்யா அவருடைய கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார்.

"டீ ஆறுதுங்க மொதலாளி."

அப்பாவைக் கிடத்தித் தூக்கிய பாடை சாய்ந்து, ஏட்டய்யாவின் தலைக்கு மேலே மெதுவாகத் திரும்பியது. மாலையிலிருந்து இரண்டு ரோஜா இதழ்கள் அவர் மடியில் விழுந்தன. ஆட்கள் சந்தைத் தாண்டிப் பறைச் சத்தத்தோடு ரோட்டில் இறங்கிய பிறகுதான் அவர் எழுந்து, நொண்டாமல் பின்னால் நடந்தார்.

துண்டை எடுத்துக்கொள்ளவில்லை. அதன் ஓரத்தில் ஈரம் மெல்லச் செந்நிறமாக ஏறிக்கொண்டிருந்தது. துளசிமணி அவர் குடித்த டம்ளரைக் கழுவி, கல்லின் மேல் கவிழ்த்து வைத்தாள்.